முதல் வாரத்தை விட்டுக்கொடுக்காதே!

"மச்சி, ஃபர்ஸ்ட் ரெண்டு வாரம் ஒண்ணும் நடக்காதுடா. ஓரியன்டேஷன், பிரிட்ஜ் கோர்ஸுன்னு ஏதாவது ஓட்டுவாங்க. பாடம் ஆரம்பிச்சப்புறம் வந்தா போதும்."

கல்லூரியில் இடம் கிடைத்த நாளிலிருந்து உன் காதில் யாராவது இதை ஓதிக்கொண்டேதான் இருப்பார்கள். நம் வடசென்னையின் சத்தியமூர்த்தி நகரிலிருந்து வந்தாலும் சரி, கல்யாணபுரத்திலிருந்து வந்தாலும் சரி, எம்.கே.பி. நகர், புளியந்தோப்பு, கொடுங்கையூர் என்று எங்கிருந்து வந்தாலும் சரி. சொன்னவன் உன் உயிர் நண்பனாகக்கூட இருக்கலாம். உன் மேல் பிரியம் இருப்பதால்தான் சொல்லியிருப்பான். ஆனாலும் நம்பாதே தம்பி. நம்பாதே தங்கச்சி. மூன்று வருடப் படிப்பில் உன் கால் ஊன்றுவதும் தடுக்குவதும் அந்த இரண்டு வாரத்தில்தான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் தெரியுமா?

பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் உன்னைக் கையைப் பிடித்து நடத்தினார்கள். கேள்வியும் பதிலும் எழுதிப் போட்டார்கள். "இது இம்பார்டன்ட், கட்டாயம் வரும்" என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள். வராவிட்டால் வீட்டுக்கு போன் செய்தார்கள். கல்லூரியில் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போய்விடுவார். எதைக் குறித்துக்கொள்வது, எதை விடுவது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு தாளுக்கு 25 மதிப்பெண் இன்டர்னல், 75 மதிப்பெண் செமஸ்டர் தேர்வு என்று பிரித்திருப்பார்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுதவே சிக்கல். பள்ளியில் அணிக்கோவை என்று நீ படித்த கணக்கு இங்கே டிட்டர்மினன்ட் என்ற பெயரோடு ஆங்கிலப் புத்தகத்தில் வந்து நிற்கும். கணக்கு அதே கணக்குதான். ஆனால் முதல் முறை பார்க்கிறபோது அது வேறு எவனுக்கோ எழுதியது போலத் தெரியும். அந்தத் திகைப்பில்தான் நம் பிள்ளைகள் பலர் பின்வாங்குகிறார்கள். முதல் செமஸ்டரில் இரண்டு மூன்று அரியர். இரண்டாவது செமஸ்டரில் அது ஐந்தாகும். அப்புறம் வீட்டில் சொல்லப் பயம். "படிப்பு நமக்கு ஏறாது" என்று ஒரு தீர்ப்பு. தீர்ப்பை எழுதுகிறவனும் அவனே, தண்டனை அனுபவிக்கிறவனும் அவனே.

இந்தப் பள்ளம் இருப்பது கல்வித்துறைக்கும் தெரியும். அதனால்தான் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-இல் 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் புது மாணவர்களுக்கான அறிமுக வகுப்புகளுக்கு வழிகாட்டி வெளியிட்டது. பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) வகுத்தது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24-இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில், கலை அறிவியல் படிப்புகளின் முதல் செமஸ்டரிலேயே ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்று ஒரு தாள் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவே பாலம் போட வேண்டும் என்று யாரோ யோசித்து, நேரம் ஒதுக்கி, ஆசிரியரை நிறுத்தியிருக்கிறார்கள். நீ மட்டும் பாலத்தில் ஏற மாட்டேன் என்றால் எப்படி?

உன் தாத்தா தலைமுறைக்கு இந்தப் பாலம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 1978-இல் மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் டூ வருவதற்கு முன்னால், பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. படிக்க வேண்டும். பட்டப்படிப்புக்கான தயாரிப்பு வருடம் அது. பெயர்தான் தயாரிப்பு. தமிழில் படித்து வந்த பிள்ளையின் முன்னால் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் விரிவுரை கொட்டும். கேட்க ஆள் கிடையாது. வீட்டில் சொல்லித்தர எவரும் படித்ததில்லை. வடசென்னையில் வயதானவர்களிடம் பேசிப் பார். "பி.யூ.சி. ஃபெயிலு" என்று ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ எந்தத் தெருவிலும் இருப்பார். பின்னி மில்லில், துறைமுகத்தில், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆயுள் முழுக்க உழைத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர் அவர். செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பார். கணக்கை மனதிலேயே போடுவார். அவருக்கு மூளை இல்லையா? இருந்தது. அந்த முதல் மாதத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாதே, இது இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று சொல்ல ஒருவர் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு குறைக்கு ஒரு தலைமுறையே விலை கொடுத்தது.

உனக்கு அப்படி ஆக நான் விடமாட்டேன். நீயும் விடக்கூடாது.

"பிரிட்ஜ் கோர்ஸ் எல்லாம் மக்குப் பசங்களுக்கு" என்று ஒரு பேச்சு உண்டு. கௌரவக் குறைச்சல் என்று நினைத்து நழுவுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு சேதி சொல்கிறேன், கவனமாகக் கேள். வியாசர்பாடியில் 1973 முதல் நடக்கிற அரசு கலைக் கல்லூரியின் வாசலில் யார் பெயர் எழுதியிருக்கிறது? டாக்டர் அம்பேத்கர். பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரவிடாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியை ஒரு மூலையில் விரித்து உட்கார வைக்கப்பட்டவர். 1912-இல் பம்பாயில் பி.ஏ. முடித்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் எடுத்த பாடங்களின் கணக்கு இருக்கிறது. பொருளாதாரத்தில் 29. வரலாற்றில் 11. சமூகவியலில் 6. தத்துவம், மானுடவியல், அரசியல் என்று இன்னும் சில. அந்தப் பட்டியலின் கடைசியில் இரண்டு பாடங்கள் நிற்கின்றன: தொடக்கநிலை பிரெஞ்சு ஒன்று, தொடக்கநிலை ஜெர்மன் ஒன்று.

தொடக்கநிலை! பட்டம் வாங்கியவர், பிறகு கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டங்கள் வாங்கப் போகிறவர், இந்த நாட்டின் அரசியலமைப்பை வரையப் போகிறவர், அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிற மொழி வகுப்பில் போய் உட்கார்ந்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு முதல் எழுத்திலிருந்து தொடங்குவதில் அவருக்கு வெட்கம் இல்லை. உனக்கு எதற்கு வெட்கம்?

இன்னொன்றும் யோசி. அவருக்குப் பெஞ்சு மறுக்கப்பட்டது. உனக்குப் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. அதுவும் முன் வரிசையில். நீயாகப் போய்க் கடைசிப் பெஞ்சில், ஜன்னல் ஓரத்தில், எவர் கண்ணிலும் படாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாமா? போராடி வாங்கிக் கொடுத்த இடம் அது. முன்னால் வா.

உட்கார்ந்தால் மட்டும் போதாது. கேள். "சார், புரியல" என்று வாய்விட்டுக் கேள். இந்த இரண்டு சொல்லைச் சொல்லத்தான் நம் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைக்கிறது. மற்றவர்கள் சிரிப்பார்களோ, தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நீ யாருடைய பேரப்பிள்ளை என்று மறந்துவிட்டாய். பக்கத்தில் பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் இருந்தது. விடியுமுன் உள்ளே போன தொழிலாளிகள், சாப்பிடக்கூடப் போதிய இடைவேளை இல்லையே என்று கேட்டார்கள். கேட்கிற குரல்கள் ஒன்றுசேர்ந்து 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. செல்வபதி செட்டியாரும் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதை முன்நின்று நடத்தினார்கள். வெள்ளைக்கார முதலாளியிடம், வேலை போகும் என்று தெரிந்தே, வாய்திறந்து கேட்ட மண் இது. அந்த மண்ணில் பிறந்த நீ, உனக்குச் சொல்லித்தரவே நியமிக்கப்பட்ட ஆசிரியரிடம் ஒரு சந்தேகம் கேட்கப் பயப்படுகிறாயா? கையைத் தூக்கு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவனுக்கும் அது புரியவில்லை என்பது இன்டர்னலில் தெரிந்துவிடும்.

ஆங்கிலம்தானே உன் பெரிய பயம்? சரி, அதையும் நேருக்கு நேர் பார்ப்போம். முதல் இரண்டு வாரத்தில் ஆங்கிலத்தில் பேசக் கற்றுவிட முடியாது. யாராவது முடியும் என்று விளம்பரம் செய்தால் காசைக் கொடுக்காதே. ஆனால் உன் பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களைப் பிடித்துவிட முடியும். ஒரு நோட்டுப் போடு. பள்ளிப் புத்தகத்தில் படித்த சொல் ஒரு பக்கம், கல்லூரிப் புத்தகத்தில் வருகிற சொல் மறுபக்கம். வகுப்பில் காதில் விழுந்த ஒவ்வொரு புதுச் சொல்லையும் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். சாயங்காலம் புத்தகத்தில் தேடி சரியான எழுத்தைக் கண்டுபிடி. பத்தே நாளில் விரிவுரையில் பாதி உனக்குப் பழக்கமான பேச்சாக மாறும். பல கலைப் பாடங்களில் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் எங்கே சொல்கிறார்கள்? நீ மட்டம் போட்ட அந்த முதல் வார வகுப்பில்.

பணம் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. கேட்டரிங் வேலைக்குப் போகிறாய், பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறாய், சவுகார்பேட்டைக் கடையில் பில் போடுகிறாய். அது எனக்குத் தெரியும். வீட்டு வாடகையில் உன் பங்கும் இருக்கிறது. "வேலையை விட்டுவிடு" என்று உன்னிடம் சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: முதல் மாதம் மட்டும் பகல் வேலையை மாலைக்கு மாற்று. முடியவே முடியாது என்றால் முதல் நாளே உன் வகுப்புப் பேராசிரியரிடம் நிலைமையைச் சொல். ஒளிந்து மறைந்து வராமல் இருந்துவிட்டு மூன்று மாதம் கழித்துக் காரணம் சொல்கிறவனுக்கு உதவ யாராலும் முடியாது. உதவித்தொகைகளும் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று நம் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. எந்தச் சான்றிதழ், எந்த வங்கிக் கணக்கு, எந்த மேசை என்று கல்லூரியில் சொல்வதும் இந்த முதல் நாள்களில்தான். வகுப்புக்கு வராதவனுக்கு அது காதில் விழாது.

இப்போது மூத்த மாணவர்களிடம் ஒரு வார்த்தை. தல, உன்னைத்தான் சொல்கிறேன். சென்னைக் கல்லூரிகளில் ஒரு புதுப் பையன் முதல் நாள் பஸ் ஏறினால், அவனை முதலில் பேர் கேட்பது யார்? ரூட்டு, அதாவது அந்த பஸ் வழித்தடத்து மாணவர் கூட்டம். "எந்த ஏரியாடா? எந்த டிபார்ட்மென்ட்? இனிமே நம்மகூடத்தான் வரணும்." அரை மணி நேரத்தில் அவனுக்கு ஒரு கூட்டம் கிடைத்துவிடுகிறது, ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. அவன் அந்தக் கூட்டத்துக்காக அடிதடிக்கும் போகிறான், கேஸும் வாங்குகிறான். ஏன்? வகுப்பறையில் எவரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்பே பஸ்ஸில் ஒருவன் கூப்பிட்டுவிட்டான். ஒரு புதியவனை இழுத்து அணைத்துக்கொள்ளும் வித்தை உனக்குத் தெரியும். அதே வித்தையை வகுப்பறைக்குக் கொண்டு வா. உன் பழைய நோட்டைக் கொடு. லைப்ரரியில் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று காட்டு. "இன்னிக்கி பிரிட்ஜ் கிளாஸ், முடிச்சிட்டு வா, வெளியே நிக்கிறேன்" என்று சொல். அவன் அரியர் இல்லாமல் முதல் செமஸ்டரைத் தாண்டினால் அதில் பாதிப் பெருமை உனக்கு. கத்தி தூக்கி வாங்குகிற பெயர் ஆறு மாதம் நிற்காது. நீ கைதூக்கி விட்டவன் சாகும்வரை உன்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

ஆசிரியப் பெருமக்களே, நீங்களும் இதைக் கவனித்திருப்பீர்கள். அந்த முதல் வாரத்தில் கொள்கையுரை, நிர்வாகிகளின் வரவேற்பு, நீண்ட நன்றியுரை என்று நாற்காலியில் உட்கார வைத்தால் பிள்ளை மறுநாள் வரமாட்டான். முதல் நாளே ஒரு சின்னக் கணக்கை, ஒரு பத்தியை, ஒரு சோதனையைக் கையில் கொடுத்து அவனைச் செய்ய வையுங்கள். தப்பாகச் செய்தாலும் பக்கத்தில் நில்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கவுன்சலிங்கில் கடைசிச் சுற்றில் இடம் கிடைத்துத் தாமதமாகச் சேர்கிற பிள்ளைதான் பெரும்பாலும் உதவி அதிகம் தேவைப்படுகிற பிள்ளை. அவன் வருகிறபோது பிரிட்ஜ் கோர்ஸ் முடிந்துபோயிருக்கிறது. அவனுக்காக அதை இன்னொரு முறை நடத்துங்கள். குறைந்த சம்பளத்தில் கௌரவ விரிவுரையாளராக நின்றுகொண்டு இதைச் செய்கிறவர்கள் உங்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வியாசர்பாடிக்குப் பயிற்சி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் முல்லை நகர் மைதானத்துக்குப் போய்ப் பார். மேட்ச் ஆடுவதற்கு முன் எத்தனை வாரம் ஓடுகிறார்கள், எத்தனை நூறு தடவை அதே பாஸைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்! கேம்ப்புக்கு வராதவனை எந்தக் கோச்சும் முதல் பதினொன்றில் இறக்க மாட்டார். அது ஃபுட்பால் ஆடுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இங்கே தெரியும். இந்தத் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்த நந்தகுமார் சேகர் இந்திய அணியின் சட்டை போட்டார். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம். ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக அன்று விழுந்த ஒரே கோல் அவருடையது. பரம எதிரியைப் பல வருடமாக வெல்ல முடியாமல் இருந்த தன் அணியின் தவிப்பை ஒரு வியாசர்பாடிக்காரர் முடித்து வைத்தார். கல்லூரியின் முதல் இரண்டு வாரமும் அப்படி ஒரு கேம்ப்தான். கேம்ப்பைத் தவறவிட்டுவிட்டு லீக்கில் கோல் போடுவேன் என்று மைதானத்தில் நீ சொல்வாயா? சொல்ல மாட்டாய். வகுப்பறையில் மட்டும் ஏன் சொல்கிறாய்?

கதவுகள் இப்போது முன்பைவிட அதிகம் திறந்திருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரத் தயாரிப்பு வகுப்பை இணையத்தில் படிக்க வேண்டும். கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் என்று நான்கு பாடங்கள். வாரா வாரம் வீட்டுப்பாடம் முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் இடம் உனக்கு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022-இல் சொல்லிவிட்டது. ஆகவே காலையில் வியாசர்பாடிக் கல்லூரியில் பி.ஏ.வோ பி.எஸ்ஸி.யோ படித்துக்கொண்டே, ராத்திரி இதையும் படிக்கலாம். அங்கேயும் நிபந்தனை அதேதான். அந்த நான்கு வாரத்தை ஒழுங்காகச் செய்தவன் உள்ளே போகிறான். முதல் வார வீடியோவைப் பார்த்து மலைத்து மூடிவைத்தவன் வெளியே நிற்கிறான். இருவருக்கும் நடுவே அறிவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவன் மலைத்த பிறகும் இரண்டாம் வார வீடியோவைப் போட்டான்.

இன்டர்வியூவில் "வியாசர்பாடி" என்று முகவரி சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மாறும் என்று நம் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரம்பூர் என்று மாற்றிச் சொல்கிறவர்களும் உண்டு. மாற்றாதே. சினிமாக்காரன் நம் கையில் கத்தியைக் கொடுத்தே பழகிவிட்டான். ஒரு மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கும் செய்தியில் மட்டும் நம் ஊர் பேர் வந்தது. அந்தத் தண்ணீரில் முட்டி வரை நனைந்து, புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நாம். மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த வருஷத்திலும் தேர்வு எழுதிப் பாஸான பிள்ளைகள். இவ்வளவையும் தாண்டி வந்த உன்னை ஒரு விரிவுரையும் ஒரு ஆங்கிலப் புத்தகமுமா தோற்கடிக்கப் போகிறது? விடாதே!

அம்மா, அப்பா, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "காலேஜ் இன்னிக்கி ஒண்ணுமில்லம்மா" என்று பிள்ளை படுத்துக்கிடந்தால் எழுப்பி அனுப்புங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் வந்ததும் "இன்னிக்கி என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தினமும் கேளுங்கள்.

முதலாம் ஆண்டு வகுப்புகள் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சான்றிதழ்களின் ஜெராக்ஸ் எடுத்துக்கொள். முதல் நாள், முதல் மணி, முதல் பெஞ்சு. போய் உட்கார். முதல் சந்தேகத்தை நீ கேள். உன் தெருவிலிருந்து சேர்ந்த இன்னொரு பிள்ளை அன்று வரவில்லையென்றால், மறுநாள் காலையில் அவன் வீட்டுக் கதவைத் தட்டிக் கையோடு கூட்டிக்கொண்டு போ.